மேம்பாலத்துக்குப் போகும் பணத்தைப் பேருந்துக்கும் நடைபாதைக்கும் திருப்ப என்ன தடை?

சைதைப் பயணி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு, 621 கோடி ரூபாய் மதிப்பில், உயர்மட்டச் சாலை கட்டும் பணி 2024-இல் தொடங்கியது. அன்றிலிருந்து என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

அந்தச் சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. தரைமட்டத்தில் பேருந்துகள் ஓடுகின்றன. இவற்றுக்கு மேலே மூன்றாவது அடுக்காக எழும்பும் பாதை யாருக்குப் பயன்படும்? பேருந்து நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஆட்களை ஏற்றி இறக்கியாக வேண்டும் என்பதால் அது பெரும்பாலும் கீழேதான் ஓடும். நடந்து போகிறவரும் கீழேதான். ஆக, கார் வைத்திருப்பவரும் இருசக்கர வாகனம் வைத்திருப்பவரும் ஏழு சந்திப்புகளை நிற்காமல் கடப்பதற்காக இவ்வளவு பெரிய தொகை.

கொள்கை இல்லாமல் இது நடக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வண்டிகளை நகர்த்துவது நோக்கமல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2014-இல் சென்னை மாநகராட்சி, நாட்டுக்கே முன்னோடியாக, மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடைக்கும் மிதிவண்டிக்கும் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த நடைபாதை வளாகத்தைப் போல இன்னும் எத்தனை தெருக்களை நம்மால் காட்ட முடியும்?

சாலை போடவே கூடாது என்பது என் வாதமன்று. இருக்கும் பணத்தில் முதல் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

கந்தன்சாவடி

உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஐயா. இருந்தாலும் எதிர்த்தரப்பை நான் சொல்லியே ஆக வேண்டும். மென்பொருள் நிறுவனத்தில் பணி. இரவு பதினொன்றரை மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் எங்கள் பக்கம் பேருந்து கிடையாது. பங்கு ஆட்டோவும் அந்த நேரத்தில் அரிது. அதனால்தான் கடன் வாங்கி வண்டி வாங்கினேன். என்னைப் போல் இலட்சக்கணக்கானோர் விருப்பத்தால் வண்டிக்கு மாறவில்லை. வேறு வழி இல்லாமல் மாறினோம். அப்படி மாறியவர்களிடம், உங்களுக்கு இனி மேம்பாலம் இல்லை, நெரிசலில் நில்லுங்கள் என்று சொல்வது நியாயமா? பேருந்தை முதலில் கொண்டுவாருங்கள், பிறகு சாலையை நிறுத்துங்கள்.

சைதைப் பயணி

நீங்கள் சொல்லும் வரிசையை நான் ஏற்கிறேன். ஆனால் நீங்கள் நாள்தோறும் போகும் அந்தச் சாலையின் வரலாற்றையே ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டரை ஆறுவழியாக அகலப்படுத்தி, சுங்கச்சாவடி வைத்து, 2008-இல் திறந்தார்கள். நெரிசல் இனி இருக்காது என்ற நம்பிக்கை அன்று எல்லோருக்கும் இருந்தது. சாலை அகன்றதும் அலுவலகங்கள் வந்தன. அலுவலகங்களைப் பார்த்து அடுக்குமாடிகள் வந்தன. அடுக்குமாடிக்குப் பேருந்து வராததால் வீட்டுக்கு ஒரு கார், இரண்டு வண்டி என்று வந்தன. சில ஆண்டுகளிலேயே காலை நேரத்தில் சோழிங்கநல்லூரைக் கடப்பது பெரும்பாடு ஆகிவிட்டது. இன்று அதே சாலையின் நடுவில் மெட்ரோவுக்குத் தூண் நடுகிறோம்.

ஆறுவழிச் சாலை போட்ட அன்றே அதில் இரண்டு வழியைப் பேருந்துக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தால், நீங்கள் கடன் வாங்கி வண்டி வாங்கியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்.

விசில் சத்தம்

நான் மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பல்லவன் என்ற பெயர் இருந்த காலத்தில் வேலையில் சேர்ந்தேன். இங்கே பேசுகிறவர்கள் பேருந்தை வெளியிலிருந்து பார்க்கிறீர்கள். உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்.

பேருந்து குறைவு என்று எல்லோரும் சொல்வீர்கள். குறைவுதான். ஆனால் இருக்கும் பேருந்தே முழுதாக ஓடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு இத்தனை நடை, அதாவது ஓட்டம், என்று பணிமனையில் அட்டவணை போட்டுக் கொடுப்பார்கள். நெரிசலில் நடைக்கு இருபது நிமிடம் போனால், மாலைக்குள் ஒரு நடை முழுதாக விழுந்துவிடும். விழுந்த நடைக்கு நிறுத்தத்தில் காத்திருந்தவருக்கு அது தெரியாது. அவர் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, இனிமேல் இந்தப் பேருந்தை நம்ப முடியாது என்று வண்டி வாங்கப் போவார். அவர் வாங்கும் வண்டி எங்கள் பேருந்துக்கு முன்னால் வந்து நிற்கும். அடுத்த நாள் இன்னும் ஒரு நடை விழும். முப்பது ஆண்டுகள் இதை என் கண்ணால் பார்த்தேன்.

2018 ஜனவரியில் குறைந்தபட்சக் கட்டணத்தை 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயாக்கி, மற்ற கட்டணங்களையும் சேர்த்து ஒரே இரவில் உயர்த்தினார்கள். அடுத்த வாரமே கூட்டம் குறைந்தது. தினமும் முகம் பார்த்துச் சிரித்தவர்களில் பலரை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. ஒரு முறை இழந்த பயணி திரும்பி வருவது அவ்வளவு எளிதன்று.

வேளச்சேரி அம்மா

நடத்துநர் ஐயா சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று ஆணை வந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணுக்கு அந்தத் தொகை என்னவென்று எனக்குத் தெரியும். மகளுக்குத் தட்டச்சு வகுப்புக்குக் கட்டினார். அதுவரை இரண்டு நிறுத்தத் தொலைவை நடந்தே வந்தவர் அவர். புதிதாகச் சாலை போடாமல், கட்டணத்தை மட்டும் மாற்றி, எத்தனையோ பேருடைய பயணத்தை அரசால் மாற்ற முடிந்திருக்கிறது அல்லவா?

ஆனால் பேருந்து நிறுத்தம் வரை நடந்து போவதற்கு வழி வேண்டுமே. என் வீட்டிலிருந்து நிறுத்தம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. முழங்கால் வலியுள்ள என் மாமியாரை அழைத்துக்கொண்டு போகும்போது அந்தத் தொலைவை நான் அடி அடியாக அறிவேன். நடைபாதை தரையிலிருந்து முக்கால் முழ உயரம். ஏறியதும் பத்தடியில் மின்வாரியத்தின் பெட்டி குறுக்கே நிற்கும், இறங்க வேண்டும். மீண்டும் ஏறினால் மழைநீர் வடிகாலின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீட்டின் கார் நுழைவுக்கும் நடைபாதையைச் சரித்து வெட்டியிருப்பார்கள். இப்படி ஏழு முறை ஏறி இறங்குவதற்குள், பேருந்தே வேண்டாம், ஆட்டோவைக் கூப்பிடு என்று அவர் சொல்லிவிடுவார். அந்த ஆட்டோக் கட்டணம் எந்த அரசுக் கணக்கிலும் வராது.

அளவைக்கல்

நெடுஞ்சாலைப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாலை கட்டுகிறவர்களை இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் எங்களுக்கு இட்ட பணியைச் செய்தோம். ஆனால் பணம் ஏன் மேம்பாலத்துக்கே போகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற வகையில் சொல்ல முடியும்.

அரசின் கணக்கில் மேம்பாலம் மூலதனச் செலவு. ஒரு முறை ஒதுக்கினால் முடிந்தது. கடன் வாங்கலாம், ஒப்பந்தம் விடலாம், அடிக்கல் நாட்டலாம், திறந்து வைக்கலாம். பேருந்து வாங்குவதும் மூலதனச் செலவுதான், ஆனால் அது ஓடத் தொடங்கியதும் ஓட்டுநர் ஊதியம், டீசல், டயர், பராமரிப்பு என்று ஆண்டுதோறும் வருவாய்ச் செலவு வந்துகொண்டேயிருக்கும். வசூலுக்கும் அந்தச் செலவுக்கும் உள்ள இடைவெளியை நாம் நட்டம் என்று எழுதுகிறோம். மேம்பாலத்தில் போகும் கார்களிடமிருந்து ஒரு ரூபாய்கூட வசூல் இல்லை. அதை எவரும் நட்டம் என்று எழுதுவதில்லை. என் பணிக்காலத்தில் நான் கையெழுத்திட்ட ஒரு மதிப்பீட்டில்கூட இந்தக் கேள்வி எழுந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

சைதைப் பயணி சொன்ன 60 விழுக்காட்டைப் பற்றியும் ஒரு திருத்தம். அது மாநகராட்சியின் கொள்கை. மாநகராட்சியின் நிதியைத்தான் அது கட்டுப்படுத்தும். அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. பேருந்துகள் போக்குவரத்துத் துறையிடம், மெட்ரோ வேறு நிறுவனத்திடம், புறநகர் ரயில் நடுவண் அரசிடம். இவற்றை ஒருங்கிணைக்கக் கும்டா என்னும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கு 2010-இல் சட்டம் இயற்றினார்கள். முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். நிதியைப் பிரிக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லாதவரை, எத்தனை நல்ல கொள்கை எழுதினாலும் அது எழுதிய அலுவலகத்தின் மதில் சுவரைத் தாண்டாது.

கார்டிஃப் தமிழன்

நான் வேல்ஸ் நாட்டில் பதினைந்து ஆண்டுகளாக வசிக்கிறேன். நீங்கள் பேசுவதை ஒரு அரசு உண்மையிலேயே செய்து பார்த்த இடம் இது என்பதால், நடந்ததைக் கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன்.

நியூபோர்ட் நகரைச் சுற்றி எம்4 நெடுஞ்சாலைக்கு மாற்றுச் சாலை ஒன்று பல்லாண்டுகளாகத் திட்டத்தில் இருந்தது. செலவு, சதுப்புநிலத்துக்கு நேரும் அழிவு ஆகியவற்றைக் காரணம் காட்டி 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு அதைக் கைவிட்டார். 2021 ஜூனில் துணை அமைச்சர் லீ வாட்டர்ஸ் புதிய சாலைத் திட்டங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்து, அவற்றை ஆராய லின் ஸ்லோமன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். 2023 பிப்ரவரியில் முடிவு வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டங்களில் 15 மட்டுமே தொடர அனுமதி பெற்றன. மெனாய் நீரிணையின் மேல் மூன்றாவது பாலமும் கைவிடப்பட்டவற்றுள் ஒன்று.

அதோடு, இனிமேல் எந்தச் சாலைக்கு அரசு பணம் தரும் என்பதற்கு அளவுகோல்களும் வகுத்தார்கள். மக்களைப் பேருந்து, ரயில், நடை, மிதிவண்டி ஆகியவற்றுக்கு மாற்ற வேண்டும், அல்லது விபத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வெள்ளம் போன்ற காலநிலைப் பாதிப்புக்குச் சாலையை ஈடுகொடுக்கச் செய்ய வேண்டும், அல்லது பொதுப் போக்குவரத்து எட்டும்படி அமையும் புதிய குடியிருப்புக்கோ தொழிலிடத்துக்கோ வழி தர வேண்டும். கார்களை வேகமாகவும் அதிகமாகவும் ஓட்டுவதற்காக மட்டும் சாலை கிடையாது. 2040-க்குள் நூற்றுக்கு 45 பயணங்கள் இந்த வகைகளில் அமைய வேண்டும் என்பது இலக்கு.

இதைப் படிக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும். இனிக் கசப்பான பகுதி. சாலையை நிறுத்திய அதே காலத்தில், கொரோனாவுக்காகப் பேருந்துகளுக்குக் கொடுத்துவந்த சிறப்பு நிதி முடியும் தறுவாயில் இருந்தது. பல கிராமப்புறத் தடங்கள் குறையும் நிலை வந்தது. சாலையும் இல்லை, பேருந்தும் இல்லை என்று மக்கள் கோபப்பட்டார்கள், அதில் நியாயம் இருந்தது. 2023 செப்டம்பரில் குடியிருப்புப் பகுதிகளில் வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைத்தபோது, எதிர்ப்பு மனுவில் நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். 2024-இல் பொறுப்புக்கு வந்த அமைச்சர் சாலைகள் குறித்துச் சற்றுத் தளர்ந்த நிலைப்பாட்டை எடுத்தார். எடுப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்ற கந்தன்சாவடி நண்பரின் வரிசை சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தென்பெண்ணைக் கரை

எங்கள் பகுதி திருவண்ணாமலை மாவட்டம். நகரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் ஊர்ப்புறத்தின் சார்பில் நான் வருகிறேன். 2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை என்று 277 கிலோமீட்டருக்கு, சுமார் பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். அளவைக் கல் நட வந்த அன்று என் சித்தப்பா கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தார். கிணறு, தென்னை, நெல் வயல், மூன்றின் ஊடேயும் கோடு போனது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பின் ஒரு பகுதியை ஏற்று, நெடுஞ்சாலை ஆணையம் நடைமுறையைத் தொடர வழிவிட்டது. அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கம் நிலத்தை விற்கவும் முடியவில்லை, கடன் வாங்கிக் கிணறு வெட்டவும் துணிவில்லை.

எங்களுக்குச் சாலையே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். சின்னச் சாலை வேண்டும், அதில் பேருந்து வேண்டும். 1997-இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டத்தில் எங்கள் ஊருக்கு வண்டி வந்த காலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல்நிலை வகுப்புக்குத் தயங்காமல் போனார்கள். வருமானம் போதவில்லை என்று வண்டிக்காரர் தடத்தை விட்ட பிறகு, பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதற்கென்றே வீட்டுக்கு வீடு வண்டி வாங்கினார்கள். சேலத்துக்கு இரண்டு மணி நேரத்தில் போவதைவிட, அரசு மருத்துவமனைக்கு மணிக்கொரு பேருந்து எங்களுக்குப் பெரிது.

கந்தன்சாவடி

எல்லாவற்றையும் படித்தேன். அளவைக்கல் ஐயா சொன்ன கணக்கு முறை எனக்கு முற்றிலும் புதிது. ஆனாலும் இரண்டு ஐயங்கள். ஒன்று, மின்சார வண்டிகள் வந்துவிட்டால் புகை பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா, அப்போது சாலைக்கு எதிரான வாதம் பாதி குறைந்துவிடாதா? மற்றொன்று, பேருந்துக்குத் தனித்தடம் என்பதை டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கிலோமீட்டருக்குச் செய்து பார்த்துவிட்டுப் பின்னர் அதை அகற்றியேவிட்டார்கள். சென்னையில் மட்டும் அது எப்படி நிலைக்கும்?

விசில் சத்தம்

முதல் ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். மின்சாரக் காரும் நிற்பதற்கு அதே இடத்தைத்தான் எடுக்கும். மூன்று கார் நிற்கும் இடத்தில் ஒரு பேருந்து நிற்கும், அதில் அறுபது பேர் போவார்கள். மின்சாரம் பேருந்துக்கு வரட்டும். 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டபோது நான் போய்ப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பிறர் தூக்காமல் உள்ளே ஏற முடிகிறது. எங்கள் காலத்தில் அப்படிப்பட்டவர் நிறுத்தத்துக்கே வரமாட்டார்.

ஆனால் அந்தப் பேருந்துகளும் ஓட்டுநர்களும் தனியார் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. நடத்துநர் மட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். ஓட்டுநருக்கு முறையான ஊதியமும் ஓய்வும் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அரசின் கடமை. தூக்கமில்லாத ஓட்டுநரைக் கொண்டு பசுமைப் போக்குவரத்து நடத்த முடியாது.

அளவைக்கல்

டெல்லித் தடம் சாலையின் நடுவில் இருந்தது. பயணிகள் வேகமாக ஓடும் வண்டிகளைக் கடந்து நடுவுக்குப் போக வேண்டியிருந்தது, மோட்டார் வண்டிகள் தடத்துக்குள் புகுவதைத் தடுக்கவும் உறுதியான ஏற்பாடு இல்லை, நீளமும் போதாது. அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய ஜன்மார்க் பேருந்துத் தடமும் நடுவில்தான், ஆனால் மூடிய நிலையங்களோடு, நகரம் முழுவதற்குமான வலையாக அதை விரித்தார்கள், இன்றும் ஓடுகிறது. சியோலில் சோங்கேசோன் ஓடையின் மேல் இருந்த உயர்மட்டச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டே நகரின் பேருந்துத் தடங்களை முழுதாகத் திருத்தியமைத்து, சாலை நடுவே பேருந்துக்கான தனித்தடங்களைத் திறந்தார்கள். இடிப்பும் பேருந்தும் கூடவே வந்ததால் நகரம் தாங்கிக்கொண்டது. நாமோ 1973-இல் ஜெமினி மேம்பாலத்தைத் திறந்த பெருமையை இன்னும் விடவில்லை.

வேளச்சேரி அம்மா

ஒரு இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் அங்கே வெளியூர்ப் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள், பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமல். பெட்டியும் குழந்தையுமாக விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் வீடு போய்ச் சேர ஊரிலிருந்து வந்த கட்டணத்தைவிட அதிகமாக ஆட்டோவுக்குக் கொடுத்தார்கள். கட்டடத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர்கள், இறங்கியவர் அடுத்த அடியை எங்கே வைப்பார் என்று பார்த்திருக்க வேண்டும்.

சைதைப் பயணி

நான் தொடங்கியபோது மேம்பாலத்தையே எதிரியாக நினைத்திருந்தேன். இப்போது அளவைக்கல் ஐயா சுட்டிய கணக்குப் புத்தகத்தில்தான் முடிச்சு இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுவாக இருக்கலாம்: ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் போக்குவரத்துத் திட்டமானாலும், எத்தனை வண்டிகள் என்று எழுதும் இடத்தில் எத்தனை மனிதர்கள் என்று மதிப்பீட்டில் எழுத வேண்டும். பேருந்துக்கு ஆகும் ஆண்டுச் செலவை நட்டம் என்னும் தலைப்பிலிருந்து எடுத்து, சாலைப் பராமரிப்பை எந்தத் தலைப்பில் எழுதுகிறோமோ அதே தலைப்பில் சேவைச் செலவாக எழுத வேண்டும். 60 விழுக்காட்டு விதி நெடுஞ்சாலைத் துறைக்கும் பொருந்தும்படி கும்டா வழியாக அரசாணை வர வேண்டும். 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாயில் எழும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் ஒரு கிலோமீட்டருக்கு நடைபாதை செப்பனிட்டு முடிக்காமல் நிலையத்தைத் திறக்கக் கூடாது. இவற்றுள் எதற்கும் புதிதாக நிலமெடுக்கத் தேவையில்லை.

வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும்.

அளவைக்கல்

சரி. ஒரே ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம், அளந்து எழுதுவோம். குடியிருப்புப் பகுதியில் நடப்பதற்குத் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறை. வேளச்சேரி அம்மாவின் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை உள்ள அந்த அரைக் கிலோமீட்டரைப் பத்து மீட்டருக்கு ஒரு முறை அளந்தால் ஐம்பது அளவுகள் கிடைக்கும். எங்கே மின்பெட்டி, எங்கே உடைந்த மூடி, எங்கே உயரம் என்று படத்தோடு குறித்துவிட்டால், மனுவை வாங்குகிறவர் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று தடுமாற வேண்டியதில்லை. என்னிடம் முப்பது மீட்டர் நாடா இருக்கிறது. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

கந்தன்சாவடி

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் வருகிறேன், ஐயா. அந்த நேரத்தில் பேருந்து இருந்தால் பேருந்தில், இல்லையென்றால் வண்டியில்.

வேளச்சேரி அம்மா

ஆறரைக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். என் மாமியாரும் உடன் வருவதாகச் சொல்கிறார். எந்தெந்த இடத்தில் அவரால் ஏற முடியவில்லை என்பதை அவரே நின்று காட்டுவாராம்.